காடு வறுத்துப் போட்ட கொட்டை

ஊரிலிருந்து என்னைப் பார்க்க வருகிற பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஆஸ்பத்திரியில என்னா பண்ணாங்க, எப்படி இருந்துச்சு?" ஒருத்திக்குச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது. அவள் எழுந்தால் அடுத்தவள் உட்காருகிறாள். அதனால் எழுதிவைக்கிறேன். நான் நான்காம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். பிழையை மருமகள் கலா திருத்துவாள். பிழையை மட்டும் திருத்து, சேதியில் கை வைக்காதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் காடாம்புலியூருக்குப் பக்கம். சுற்றி முந்திரிக்காடு. சித்திரை வெயிலில் அந்தக் காட்டில் தீப்பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கீழே சருகு, மேலே காற்று, மரத்தில் கொட்டை. முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் உண்டு. கையில் பட்டாலே தோல் உரியும். கொட்டை உடைக்கிற எங்கள் விரல்களைப் பார்த்தால் தெரியும். அந்த எண்ணெய் எரிந்தால் புகை கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் வரும். வாசலில் காயப்போட்ட புடவையை எடுத்தால் கையில் ஒட்டியது.

தீ அடங்கிய மறுநாள் ஷேர் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மாவட்ட நிர்வாகம் எங்கள் வட்டாரத்துக்குப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்திருக்கிறதாம். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, லாரியில் தண்ணீர் வரும். வெளியே வந்தால் முகக்கவசம் போட வேண்டும். வயதானவர்கள் குறிஞ்சிப்பாடிப் பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கும் முகாமுக்குப் போக வேண்டும். மறு உத்தரவு வரும்வரை எரிந்த காட்டுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. மைக்கைப் பிடித்திருந்தவன் எங்கள் ஊராட்சித் தலைவர். நான் தூக்கி வளர்த்த பையன்தான்.

"பெரிம்மா, வண்டியில ஏறுங்க. முகாம்ல டாக்டர் இருக்காரு, சாப்பாடு இருக்கு."

"ஏண்டா, கொட்டை வறுக்கிற பொகையிலேயே பொறந்து வளந்தவ நானு. இது என்னாடா பண்ணிடும் என்ன?"

"இது அந்தப் பொகை மாதிரி இல்ல பெரிம்மா."

"நீ பொகையப் பத்தி எனக்குச் சொல்லித் தரியா? போ, போ."

எங்கள் ஊரில் எல்லாருக்கும் இதே நினைப்புதான். காலம் காலமாகத் தகரத்தில் கொட்டை வறுத்து, சாம்பலைக் கையில் தடவிக்கொண்டு உடைத்தவர்கள். புகைக்குப் பயப்படுகிறவள் எங்கள் ஊரில் மருமகளாக முடியாது. அதோடு இன்னொன்றும் இருந்தது. எரிந்த காட்டில் கொட்டையெல்லாம் வறுபட்டுக் கீழே கிடந்தது. குத்தகைக்காரர் கைவிட்ட கொல்லையில் கீழே கிடப்பது பொறுக்குகிறவளுக்குச் சொந்தம் என்பது எங்கள் வழக்கம். வறுக்கிற வேலையைக் காடே செய்துவிட்டது, நாம் போய் அள்ளினால் போதும் என்று பேசிக்கொண்டோம். கூடையைத் தூக்கிக்கொண்டு போனோம். என்னோடு அஞ்சலை வந்தாள்.

அஞ்சலை என் ஓரகத்தி, என் கொழுந்தனாரின் மனைவி. எதிரெதிர் வீடு. இரண்டு பேருடைய வீட்டுக்காரர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை, அவளுக்கு மூன்று. மூன்றாவதாகப் பிறந்த சேகரைப் பால் மறந்த கையோடு என் மடியில் போட்டார்கள். பிள்ளையில்லாத மூத்தவளுக்கு இளையவள் ஒன்றைக் கொடுப்பது எங்கள் பக்கம் உண்டு. அன்றிலிருந்து அவன் என் மகன். பெற்றவளைச் சின்னம்மா என்று கூப்பிடப் பழக்கியதும் நான்தான். படிக்கவைத்தேன், சிதம்பரத்தில் பைக் மெக்கானிக் பட்டறையில் சேர்த்தேன், கலாவைக் கட்டிவைத்தேன். அஞ்சலை ஒரு நாளும் உரிமை கொண்டாடி வாயைத் திறந்ததில்லை. அதுவே எனக்குப் பிடிக்காது. கேட்டுச் சண்டை போடுகிறவளைச் சமாளித்துவிடலாம். ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறவளை என்ன செய்வது?

காட்டுக்குள் தரை இன்னும் சூடாகத்தான் இருந்தது. சாம்பலுக்கு அடியில் கனல். சில கொட்டைகளில் எண்ணெய் கசிந்து கையிலேயே புகைந்தது. என் கூடை பாதி நிரம்பியபோது கண் எரிந்து தண்ணீர் ஊற்றியது. திரும்பிவிடலாம் என்று நிமிர்ந்தேன். அவள் கூடை விளிம்புவரை நிறைந்திருந்தது.

"போலாமாக்கா? நெஞ்சு கரிக்குது" என்றாள்.

"உன் கூடை ரொம்பிடுச்சு, நீ போ. நான் இருந்துட்டு வரேன்."

"உன்ன வுட்டுட்டு எப்படிப் போறது."

அவளும் நின்றாள். போ என்றுதான் சொன்னேன், நின்றது அவள் இஷ்டம். என் கூடையும் நிறைந்த பிறகு வந்தோம்.

சாயங்காலம் குரல் கட்டியது. விடியும்போது இருமலில் கறுப்புச் சளி வந்தது. படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூச்சு உள்ளே போனது, வெளியே வரும்போது விசில் அடித்தது. இந்த அடையாளங்களை ஊர்ப் பெண்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புச் சளியும் விசிலும் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். அஞ்சலை என் வாசலுக்கு வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பேச்சு வரவில்லை, உதடு நீலமாக இருந்தது. பக்கத்து வீட்டார் நூற்றெட்டு வண்டிக்குப் போன் செய்தார்கள்.

வண்டியில் படுக்கை ஒன்றுதான். அவளைப் படுக்கவைத்தார்கள். மூத்தவளான என்னைப் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்தார்கள். அங்கேயே ஆரம்பித்தது எனக்கு வயிற்றெரிச்சல்.

கடலூர் அரசு ஆஸ்பத்திரியில் எங்கள் வட்டாரத்து ஆட்களுக்கென்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். நடைபாதையெங்கும் தெரிந்த முகங்கள். எல்லாரும் இருமுகிறார்கள். கல்யாண வீட்டில் விசாரிப்பது போல "நீயுமா, நீயுமா" என்று கேட்டுக்கொண்டோம். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். விரலில் துணிக் கிளிப் போல ஒன்றை மாட்டினார்கள். இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று அதில் எண் தெரியும், எண் குறையக் குறைய ஆபத்து. பிறகு மணிக்கட்டில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். இது வழக்கமாகக் கையில் எடுக்கிற மாதிரி இல்லை. ஆழத்தில் ஓடுகிற குழாயிலிருந்து எடுப்பது, எலும்பு வரைக்கும் வலிக்கும். நான் கத்தவில்லை. அஞ்சலை கத்தினாள்.

சின்ன வயது டாக்டரம்மா உட்கார்ந்து விளக்கினார். "உங்க மூச்சுக்கொழாய்க்கு உள்பக்கம் பொகையில வெந்திருக்கு. கையில எண்ணெய் பட்டா கொப்புளம் வருதுல்ல, அது மாதிரி உள்ள வந்திருக்கு. வீங்கினதால வழி சின்னதாயிடுச்சு. வீக்கம் வத்தணும்."

கைக்கொப்புளம் என்றதும் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் பயம் வந்தது. கையென்றால் சாம்பல் தடவலாம். உள்ளே யார் போய்த் தடவுவது?

சேகர் சிதம்பரத்திலிருந்து வண்டியில் பறந்து வந்தான். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. நேரே என்னிடம்தான் வந்தான். "ஏம்மா, போவாதன்னு மைக்குல சொன்னாங்கல்ல?" என்று என் தலையைத் தடவினான். எனக்கு மூச்சே சீரான மாதிரி இருந்தது. ஆனால் தடவிக்கொண்டே அவன் கண் அந்தப் பக்கத்து ஸ்ட்ரெச்சருக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்வரை எனக்கு ஒரே கவலைதான் என்று சொல்லிவிடுகிறேன். சாவுக்குப் பயந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிய பயம், இந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த என் மகன் அவள் மகனாக வெளியே போய்விடுவானோ என்பது.

நுரையீரலுக்கென்று பெரிய டாக்டர்களும் மிஷின்களும் வேண்டுமென்று எங்கள் இரண்டு பேரையும் சிதம்பரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எனக்கு மூக்கில் மெல்லிசான ஒரு குழாய். அவளுக்கு முகத்தையே மூடுகிற மாதிரி ஒரு மாஸ்க்கை வாரால் இறுக்கிக் கட்டி, அதை ஒரு மிஷினில் கோத்திருந்தார்கள். அவளால் இழுக்க முடியாத காற்றை அந்த மிஷின் தள்ளிவிடும். பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்த மிஷினைத்தான் பார்ப்பார்கள். டாக்டர்கள் வந்தால் என்னிடம் "நல்லா இருக்கீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் கட்டிலைச் சூழ்ந்து நின்று வெகுநேரம் பேசுவார்கள்.

ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான் உள்ளே இருக்கலாம். சேகர் என் பேரில் பாஸ் வாங்கினான். அஞ்சலையின் மூத்தவன் வளைகுடாவில் இருக்கிறான், மகள் திருப்பூரில் பிள்ளை பெற்ற உடம்போடு இருக்கிறாள். அதனால் ஜவுளிக்கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கலா அவளுக்கு உட்கார்ந்தாள். அரசு ஆஸ்பத்திரி என்பதால் பில் பயம் இல்லை. ஆனால் வேலைக்குப் போகாத நாளுக்கு அவர்கள் இரண்டு பேருக்கும் கூலி கிடையாது, அந்தப் பயம் இருந்தது. கலா நல்ல பெண். இட்லியை விரல் நுனியளவு பிய்த்து வெந்நீரில் தொட்டுத் தருவாள். தொண்டை புண்ணாக இருந்ததால் அப்படித்தான் விழுங்க முடிந்தது. எனக்கு ஊட்டிவிட்டு, நர்ஸ் மாஸ்க்கை விலக்குகிற நேரத்தில் அதே கையால் அவளுக்கும் ஊட்டுவாள். யாருக்கு முதலில் என்று பார்ப்பேன். எனக்குத்தான் முதலில். பிறகு அவளுக்கு ஊட்டுகிறபோது வாய் துடைத்துவிடுவாள். எனக்குத் துடைத்துவிடவில்லை. எனக்குக் கை இருக்கிறது என்று விட்டுவிட்டாள் போல.

வேளை தவறாமல் நெபுலைசர் வைப்பார்கள். மருந்தை ஆவியாக்கி மூக்குக்குள் விடுவது. முதல் தடவை அந்த வெள்ளைப் புகையைப் பார்த்ததும் தள்ளிவிட்டேன். "பொகையில வெந்து வந்தவளுக்குப் பொகையையே வைக்கிறியே, நியாயமா?" என்றேன். நர்ஸ் சிரித்தாள். இது வீக்கத்தை வற்றவைக்கிற மருந்து என்றாள். வைத்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இளகும், கை நடுங்கும். நடுக்கம் மருந்தால் வருவது, பயப்பட வேண்டாம். ஊசி மருந்தால் பசி ஜாஸ்தியாகும், முகம் உப்பும். இரவில் தூக்கம் வராது. ஜன்னலுக்கு வெளியே லாரிச் சத்தம், உள்ளே அவள் மிஷின் காற்றுத் தள்ளும் சத்தம். அந்தச் சத்தம் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். அது அவளுக்காகப் பயந்ததா, எனக்காகவா என்று எனக்கே தெரியாது.

சேகர் என் கட்டிலில்தான் உட்காருவான். ஆனால் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு உட்காருவான். என் காலைப் பிடித்துவிடுவான், கண் அவள் எண்ணின்மேல் இருக்கும். அவள் எண் இறங்கினால் என் காலை அப்படியே விட்டுவிட்டு ஓடுவான். எனக்கும் எண் இறங்கினால்தான் என்ன என்று ஒரு மத்தியானம் மூக்குக் குழாயைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். எண் இறங்கியது. மிஷின் கூவியது. வந்தது சேகரில்லை, நர்ஸ்.

"ஆயா, கொழாய ஏன் கழட்டுனீங்க?"

"அரிச்சுது."

"அரிச்சா சொறிங்க. கழட்டாதீங்க."

"என்ன ஆயான்னு கூப்புடாத. எனக்குப் பேர் இருக்கு, தனலட்சுமின்னு."

"சரிங்க தனலட்சுமிம்மா. பக்கத்துக் கட்டில் அம்மாவப் பாருங்க, எவ்ளோ சமத்தா போட்டுருக்காங்க."

மாஸ்க்குக்குள் அஞ்சலையின் கண் சிரித்தது. எனக்கு இருந்த கோபத்தில் எண் தானாக மேலே ஏறிவிட்டது.

அதற்கு அப்புறம் ஒரு காலையில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி ஜுரம் வந்தது. புகையில் வெந்த இடத்தில் கிருமி சேர்ந்து நிமோனியா ஆகிவிட்டது என்றார்கள். மாஸ்க் போதாவிட்டால் தொண்டைக்குள் குழாய் இறக்கிப் பெரிய மிஷினில் போட வேண்டும், அதற்குச் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும். டாக்டர் சேகரைத் தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டார். தள்ளி என்றால் என் கால்மாட்டுக்கு.

"நீங்க பேஷண்டுக்கு யாரு?"

"மகன்."

யோசிக்கவே இல்லை. ஒரு மூச்சுக்கூட இடைவெளி விடவில்லை. என்னைச் சேர்த்த அன்றும் இதே வார்த்தையைத்தான் சொன்னான், அதுவும் இதே வேகத்தில்தான். அதனால்தான் அது அப்படிக் குத்தியது. மணிக்கட்டு ஊசிக்குக் கத்தாதவள், போர்வையை வாயில் வைத்துக்கொண்டேன். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் தலைமாட்டில் நின்றான். அன்று முழுக்க என் பக்கம் வரவில்லை. கலாதான் எனக்குக் கஞ்சி ஊட்டினாள்.

"ஏன் அத்தை, அழறீங்க?"

"தொண்டை எரியுது."

"சின்னத்தைக்கு ஒண்ணும் ஆவாது, பயப்படாதீங்க" என்றாள் அந்தப் பெண். அவளுக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள். நானும் திருத்தவில்லை.

குழாய் இறக்காமலே அவள் பிழைத்துவிட்டாள். மருந்து கேட்டது, ஜுரம் விட்டது, மாஸ்க் போய் என்னைப் போல மூக்குக் குழாய் வந்தது. பிறகு அதுவும் போய் இரண்டு பேரையும் வராண்டாவில் நடக்கவைத்தார்கள். எனக்கு முன்னால் அவள் நடந்துவிடக் கூடாது என்று வேகமாக நடந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். "மெதுவாக்கா, யாரும் தொரத்தல" என்றாள்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் டாக்டரம்மா சொன்னது எல்லாருக்கும் பொருந்தும். வாயில் உறிஞ்சுகிற மருந்தை நிறுத்தக் கூடாது, உறிஞ்சியதும் வாய் கொப்பளிக்க வேண்டும், விறகடுப்புப் பக்கம் போகக் கூடாது, கொட்டை வறுக்கிற இடத்தில் நிற்கவே கூடாது. ஊரில் அவசரநிலை இன்னும் எடுக்கவில்லை. சாம்பல் காற்றில் பறக்கிறது. அதனால் ஊருக்கும் போக முடியாது. முகாமில் இருக்கலாம், அல்லது சேகர் வீட்டில். சேகர் குடியிருப்பது சிதம்பரத்தில் ஒரு மாடிப் போர்ஷன். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. இன்னும் ஒரு ஆள் படுக்கலாம், இரண்டு பேருக்கு இடமில்லை.

சேகர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வாயிலிருந்து யார் பேர் வரும் என்று காத்திருந்தேன்.

அஞ்சலைதான் பேசினாள். "அக்காவ நீ கூட்டிக்கினு போ சேகரு. நான் குறிஞ்சிப்பாடி முகாமுக்குப் போறேன். அங்க நம்ம ஊருப் பொம்பளைங்க எல்லாம் இருக்காங்க, எனக்கும் பொழுது போவும்."

விட்டுக்கொடுத்துவிட்டாள். அன்றைக்கு மடியில் போட்ட மாதிரியே இன்றைக்கும். வேண்டாம், நீயே போ என்று நான் சொல்வேன் என்று நினைத்திருப்பாள். நான் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மாடிக்கு வந்த பிறகு எனக்கு ஒரு குறையும் இல்லை. கட்டிலை எனக்கு விட்டுவிட்டு அவர்கள் இரண்டு பேரும் கீழே படுத்தார்கள். கலா சாம்பிராணி போடுவதைக்கூட நிறுத்திவிட்டாள். ஆனால் வேலையிலிருந்து வந்ததும் சேகர் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்காருவான். குரலைத் தாழ்த்திப் பேசுவான். "மருந்து இழுத்தியா? சோறு துன்னியா? சளி என்னா கலர்ல வருது?" என்பது கதவு வழியாகக் கேட்கும். வார விடுமுறை வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடிக்குப் போய்விடுவான். பொழுது சாய்ந்துதான் வருவான். வந்ததும் என்னைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு நாளெல்லாம் வேறு எங்கோ செலவான பிறகு மிச்சம் வந்த சிரிப்பு.

உட்கார்ந்து யோசித்தேன். அவள் தள்ளி இருக்கிறவரை அவனுக்கு அவள்மேல்தான் நினைப்பு இருக்கும். கஷ்டப்படுகிறாள், தனியாக இருக்கிறாள் என்று உருகுவான். அவளைக் கொண்டுவந்து என் கண்ணெதிரே போட்டுக்கொண்டால் அவன் எங்கே போவான்? விடுமுறை முழுவதும் இங்கேதான் இருந்தாக வேண்டும். இதுதான் சரி என்று பட்டது. அன்று சாயங்காலம் அவன் படிக்கட்டில் பேசிக்கொண்டிருந்தபோது போய்ப் போனைப் பிடுங்கினேன்.

"ஏ அஞ்சல. மூட்டையக் கட்டி வெச்சிக்கோ. நாளைக்கு இவன் வருவான், கெளம்பி வா."

"எடம் ஏதுக்கா? நான் வந்தா உனக்கு எடைஞ்சல்."

"எடைஞ்சல்தான். வா."

"கட்டில் ஒண்ணுதான இருக்குது?"

"கட்டில் எனக்கு. நீ கீழ."

அந்தப் பக்கம் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தது. சேகர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் நிறைந்துவிட்டது அவனுக்கு. என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைக்கட்டும்.

இப்போது அவள் இங்கேதான் இருக்கிறாள். சேகரும் கலாவும் சமையல்கட்டில் படுக்கிறார்கள். இதை எழுதும்போது கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருக்கிறாள். இன்றைக்கு விடுமுறை. சேகர் எங்கும் போகவில்லை, மாடி வாசலில் வண்டி என்ஜின் சாமானைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். சற்று முன்பு அவள் இருமினாள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் வெந்நீர் வைத்தான். இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தான். அவளிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை என்னிடம் நீட்டினான்.

எனக்கு இருமல் வரவில்லை. இருந்தாலும் வாங்கிக் குடித்தேன்.